விடுதலைப் பத்திரம்: ஃபிரெடரிக் டக்ளஸின் வாழ்க்கை

வாஷிங்டன் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் நடுக்கூடத்தில், மங்கலான ஒளியில், கண்ணாடிப் பேழைகளுக்குள் பழைய ஆவணங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலை அறிக்கை. மற்றொன்று, 1787இல் இயற்றப்பட்ட அரசமைப்புச் சட்டம். அடிமைகளை விடுவித்து ஆபிரகாம் லிங்கன் 1863இல் கையொப்பமிட்ட சாசனமும் அக்காப்பகத்தின் உடைமையே. அதே நகரில் அனகோஸ்தியா ஆற்றுக்கு அப்பால் ஒரு குன்றின்மேல் சீடர் ஹில் என்னும் வீடு இருக்கிறது. அதுவும் இன்று ஓர் அருங்காட்சியகம். நூல்கள் நிறைந்த அறையும் எழுதுமேசையும் கொண்ட அவ்வீட்டில் வாழ்ந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படித்திராத அவர், அமெரிக்காவின் தலைசிறந்த சொற்பொழிவாளர்களுள் ஒருவராகவும் எழுத்தாளராகவும் விளங்கினார். காப்பகத்துப் பேழைகளில் உறங்கும் பெருஞ்சாசனங்கள் ஒரு தனிமனிதனுக்கு எதைத் தந்தன, எதைத் தர மறுத்தன என்பதை அவர் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும்போது தெளிவாக அறியலாம். அவ்வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதேனும் ஒரு தாள் இருந்தது.

கணக்கேட்டில் ஒரு வரி

அத்தாள்களுள் முதலாவது மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அது ஆரன் ஆண்டனி என்பவரின் கணக்கேடு. கர்னல் எட்வர்டு லாயிடு என்னும் பெருநிலக்கிழாரின் பண்ணைகளை மேற்பார்வையிட்டவர் ஆண்டனி. தமக்கு உரிமையான அடிமைகளின் பெயர்களையும் பிறப்புகளையும் அவர் அதில் குறித்து வைத்தார். 1818 பிப்ரவரியில் ஹாரியட் என்பவளுக்கு ஃபிரெடரிக் அகஸ்டஸ் என்னும் மகன் பிறந்ததாக அதில் ஒரு வரி உண்டு. பிறந்த நாள் குறிக்கப்படவில்லை. தந்தையின் பெயரும் இல்லை. தொழுவத்தில் கன்று ஈன்றால் கணக்கில் ஏறுவது போலவே அக்குழந்தையின் பிறப்பும் கணக்கில் ஏறியது. தன்னைப் பற்றி இப்படியொரு வரி எழுதப்பட்டிருப்பதை அறியாமலேயே அவன் வளர்ந்தான். தன் வயது என்ன என்று கேட்கும் உரிமைகூட அடிமைச் சிறுவனுக்கு இல்லை. தான் 1817இல் பிறந்ததாகவே அவன் நெடுங்காலம் எண்ணியிருந்தான்.

தாய் ஹாரியட் பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்த வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தாள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் நடந்து வந்து, மகனை அணைத்து உறங்க வைத்து, விடியுமுன் திரும்பிவிடுவாள். அவ்வாறு அவள் வந்தது நான்கைந்து முறைதான். அவனுக்கு ஏழு வயதளவில் அவள் இறந்துபோனாள். பாட்டி பெட்சியின் குடிசையே அவனுக்கு வீடாக இருந்தது. ஆறு வயதில் அதுவும் பறிபோனது. பாட்டி அவனை லாயிடின் பெரும்பண்ணைக்கு அழைத்துச் சென்று, பிற குழந்தைகளோடு விளையாடவிட்டு, சொல்லாமல் திரும்பிவிட்டாள். அவளுக்கு இடப்பட்ட கட்டளை அது.

ஆண்டனி இறந்தபின் அவருடைய சொத்துகளைப் பங்கிடுவதற்காக மதிப்பீடு நடந்தது. அதற்குள் பால்டிமோர் நகரத்திற்கு அனுப்பப்பட்டிருந்த சிறுவன், அதற்கென்றே மீண்டும் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டான். ஆண்களும் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் குதிரைகளோடும் ஆடுகளோடும் பன்றிகளோடும் வரிசையில் நிறுத்தப்பட்டு விலை குறிக்கப்பட்டனர். தான் யார் என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது அன்று அவனுக்குப் புரிந்தது.

எழுத்தறிதல்

பால்டிமோரில் ஹியூ ஆல்டு என்பவரின் வீட்டில் அவன் வேலை செய்தான். அவருடைய மனைவி சோஃபியா அதற்குமுன் அடிமைகளை வைத்து வேலை வாங்கி அறியாதவர். சிறுவனின் ஆவலைக் கண்டு அவனுக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். ஹியூ அதைக் கண்டதும் தடுத்தார். படிக்கத் தெரிந்த அடிமையை அடிமையாக வைத்திருக்க இயலாது என்று சிறுவன் காதுபடவே மனைவியிடம் விளக்கினார். பாடம் அன்றோடு நின்றது. ஆனால், எந்தப் பள்ளியாசிரியரும் சொல்லித் தந்திருக்க முடியாத ஓர் உண்மையை அவர் தம்மை அறியாமல் சொல்லிவிட்டார். தன்னைப் பூட்டியிருக்கும் பூட்டின் சாவி எங்கிருக்கிறது என்பதைச் சிறுவன் அறிந்துகொண்டான்.

அதன்பின் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களே அவனுடைய ஆசிரியர்கள். சட்டைப்பையில் ரொட்டித் துண்டுகளை எடுத்துச் சென்று, பசித்த அவர்களுக்குக் கொடுத்து, கைம்மாறாக எழுத்துகளைக் கற்றான். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரப்பலகைகளின்மேல் இடப்பக்கம், வலப்பக்கம், முன்புறம், பின்புறம் என்பவற்றைக் குறிக்கத் தனி எழுத்துகளை எழுதுவது வழக்கம். அவற்றைப் பார்த்து, சுண்ணக்கட்டியால் சுவரிலும் தரையிலும் எழுதிப் பழகினான். வீட்டுப்பிள்ளை எழுதி முடித்துப் போட்ட கையெழுத்துப் பயிற்சி ஏடுகளில், வரிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடங்களில் அதே சொற்களை எழுதிப் பார்த்தான். பன்னிரண்டு வயதளவில், சேர்த்து வைத்த 50 சென்ட் காசைக் கொடுத்துச் சொற்பொழிவுகளின் தொகுப்பு நூல் ஒன்றை வாங்கினான். அவனுக்குச் சொந்தமான முதல் பொருள் அந்நூல் எனலாம். அவனோ சட்டப்படி இன்னொருவருக்குச் சொந்தமான பொருள்.

உண்ட சீட்டுகள்

1833இல் அவர் மீண்டும் நாட்டுப்புறத்திற்கு, தாமஸ் ஆல்டு என்னும் உடைமையாளரிடம் அனுப்பப்பட்டார். அடங்காத அடிமைகளைப் பணியவைப்பதில் பெயர்பெற்ற எட்வர்டு கோவியிடம் அடுத்த ஆண்டு வாடகைக்கு விடப்பட்டார். ஆறு மாதம் சாட்டையடிகளால் உடலும் உள்ளமும் ஒடிந்திருந்த அவர், ஒருநாள் எதிர்த்து நின்றார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருவரும் கட்டிப்புரண்டனர். அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 16.

அடுத்து அவர் பணிபுரிந்த ஃபிரீலாந்து என்பவரின் பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைவாக ஒரு பள்ளி நடத்தினார். நாற்பதுக்கும் மேற்பட்ட அடிமைகள் அதில் எழுத்தறிந்தனர். அவர்களுள் சிலரோடு சேர்ந்து 1836ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் படகு வழியே வடக்கே தப்பிச் செல்லத் திட்டமிட்டார். உடைமையாளரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அடிமைகள் வழியில் நடமாட இயலாது. எனவே, விடுமுறையைப் பால்டிமோரில் கழிக்க உடைமையாளர் இசைவளித்ததாகத் தோழர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டைத் தாமே எழுதித் தந்தார். அவர் எழுதிய முதல் ஆவணங்கள் இவ்வாறு கள்ளச் சீட்டுகளாக அமைந்தன. அக்கள்ளத்தைக் குற்றம் என்று சொல்ல இன்று எவருக்கும் மனம் வராது. அன்றோ, அவரைத் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்றுவிட அக்குற்றம் ஒன்றே போதும்.

புறப்படும் நாள் காலையில் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டனர். காவலர்கள் வந்து கைகளைக் கட்டத் தொடங்கினர். ஹென்றி என்னும் தோழர் கட்டுப்பட மறுத்துத் திமிறினார். எல்லாருடைய கண்களும் அவர்மேல் இருந்த நொடியில் ஃபிரெடரிக் தம் சீட்டை அடுப்பில் எறிந்தார். மற்றவர்களின் சீட்டுகள் அவரவர் சட்டைப்பையிலேயே இருந்தன. ஈஸ்டன் நகரச் சிறைக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில், தம் சீட்டை என்ன செய்வது என்று ஹென்றி மெல்லக் கேட்டார். கையில் இருந்த பிஸ்கட்டோடு சேர்த்து உண்டுவிடுமாறு ஃபிரெடரிக் சொன்னார். அச்சொல் ஒருவர் வாயிலிருந்து மற்றவருக்குச் சென்றது. சிறையை அடைந்தபோது அவர்களுக்கு எதிரான சான்று எதுவும் எவர் கையிலும் இல்லை. விற்கப்படுவோம் என்று அஞ்சியிருந்த ஃபிரெடரிக்கைத் தாமஸ் ஆல்டு மீண்டும் பால்டிமோருக்கே அனுப்பினார்.

இரவல் பெற்ற தாள்

பால்டிமோரில் அவர் கலப்பற்றுத் தொழிலைக் கற்றார். கப்பல் பலகைகளின் இடுக்குகளில் நார் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலை அது. நல்ல கூலி கிடைத்தது. ஆயினும், வாரக் கடைசியில் அதை ஹியூ ஆல்டிடம் எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். அக்காலத்தில்தான் அன்னா மரே என்னும் பெண்ணைச் சந்தித்தார். அடிமையாக அல்லாமல் உரிமைப் பெண்ணாக வாழ்ந்த அவர், வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தை ஃபிரெடரிக்கின் பயணத்திற்கு அளித்தார்.

மேரிலாந்தில் உரிமை பெற்ற கறுப்பர்கள் தம் உயரம், நிறம், தழும்பு ஆகியவை எழுதப்பட்ட சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். ஃபிரெடரிக்கிடம் அது இல்லை. கடலோடியான நண்பர் ஒருவர் தம்முடைய மாலுமிச் சான்றை இரவல் தந்தார். அதன் தலைப்பில் அமெரிக்கக் கழுகின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதில் எழுதப்பட்டிருந்த அடையாளங்கள் ஃபிரெடரிக்கோடு பொருந்தவில்லை. நண்பர் அவரைவிட மிகவும் கறுத்தவர். பிடிபட்டால் இருவருக்கும் கேடு.

1838 செப்டம்பர் 3ஆம் நாள் மாலுமியின் உடையணிந்து, இரயில் நகரத் தொடங்கும் நேரத்தில் தாவி ஏறினார். சீட்டு விற்கும் இடத்தில் சான்றை நுணுகிப் பார்த்துவிடக்கூடும் என்பதால் முன்னரே சீட்டு வாங்கவில்லை. நடத்துநர் பெட்டிக்குள் வந்து பிற கறுப்பர்களின் தாள்களைக் கடுமையாகச் சோதித்தார். மாலுமியிடம் அவருடைய குரல் சற்றுத் தணிந்தது. கழுகைப் பார்த்தார், கட்டணத்தைப் பெற்றுக்கொண்டார், கடந்து சென்றார். எழுதியிருந்த அடையாளங்களை அவர் படித்திருந்தால் இவ்வரலாறு வேறாக முடிந்திருக்கும். வழியில் ஃபிரெடரிக்கை நன்கறிந்த கொல்லர் ஒருவர் உற்றுப் பார்த்தார். அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்றே தோன்றியது. ஆனால் வாய் திறக்கவில்லை. இரயிலும் படகும் நீராவிக் கப்பலுமாக மாறி மாறி, ஒரு நாளுக்குள் நியூயார்க்கை அடைந்தார்.

தப்பிய வழியை அவர் நெடுங்காலம் வெளியிடவில்லை. சொல்லியிருந்தால் தாள் தந்த நண்பர் தண்டிக்கப்படுவார். பின்வருவோருக்கு அவ்வழி அடைபடும். அடிமைமுறை ஒழிந்த பின்னரே அதை விரிவாக எழுதினார்.

அன்னா நியூயார்க் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 15இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதற்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே, அச்சான்றிதழை அவர் பெரிதும் போற்றிப் பின்னாளில் தம் நூலிலும் அச்சிட்டார். பிடிப்பவர்களிடமிருந்து மறைய, நியூ பெட்ஃபோர்டு நகரில் டக்ளஸ் என்னும் புதுப்பெயரை ஏற்றார்.

711 டாலர்

1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டமொன்றில் அவர் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். வில்லியம் லாயிடு காரிசன் முதலிய தலைவர்கள் வியந்து, அவரை ஊர்தோறும் பேச அழைத்துச் சென்றனர். நாளடைவில் ஒரு விந்தையான இடர் எழுந்தது. இத்தனை செம்மையாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று கேட்டோர் ஐயுற்றனர். ஐயத்தைப் போக்க ஒரே வழி உண்மைப் பெயர்களோடும் ஊர்களோடும் எழுதுவது. 1845இல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. ஆல்டு, கோவி ஆகியோரின் பெயர்கள் அதில் வெளிப்படையாக இருந்தன. அந்நூல் அவருடைய நேர்மைக்குச் சான்றானது. அதுவே அவரைப் பிடிக்க வருவோருக்கு வழிகாட்டியாகவும் ஆயிற்று. சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் தப்பியோடிய உடைமைதானே! நண்பர்களின் அறிவுரைப்படி அவர் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார்.

அங்கே அவரை எவரும் அடிமை என்று பார்க்கவில்லை. விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் முப்பது இலட்சம் அடிமைகளைப் பின்னால் விட்டுவிட்டுத் தாம் மட்டும் கடலுக்கப்பால் உரிமையோடு வாழ்வது அவருக்கு ஒப்பவில்லை. நியூகாசில் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்கள் பணம் திரட்டினர். 150 பவுன், அதாவது ஏறத்தாழ 711 டாலர், அவருடைய விலையாகத் தீர்ந்தது. தாமஸ் ஆல்டு தம் தம்பி ஹியூவுக்குக் கிரயப் பத்திரம் எழுதினார். ஹியூ ஆல்டு 1846 டிசம்பரில் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். டக்ளஸ் என்றும் அழைக்கப்படும் ஃபிரெடரிக் பெய்லி என்பவருக்கு வயது ஏறத்தாழ 28 என்றும், உழைத்துப் பிழைக்கும் திறன் அவருக்கு உண்டு என்றும் அப்பத்திரம் கூறியது. கேட்போர் ஆயிரக்கணக்கில் திரண்ட அரங்குகளில் பேசிவந்த ஒருவருக்குப் பிழைக்கும் திறன் உண்டெனச் சட்டம் சான்றளித்தது!

அடிமை ஒழிப்பாளர்களிடையே இது பெரும் பூசலைக் கிளப்பியது. மனிதனை விலைகொடுத்து வாங்குவது, மனிதனை விற்கும் உரிமையை ஒப்புக்கொள்வதாகும் என்று சிலர் சாடினர். டக்ளஸ் பின்வாங்கவில்லை. வழிப்பறி செய்பவனிடம் பணம் கொடுத்து உயிரை மீட்பதால் அவன் செய்வது முறையாகிவிடாது என்பது அவர் தந்த விடையின் சாரம். தம் உரிமை அப்பத்திரத்தால் பிறந்ததாக அவர் கருதவில்லை. தம்மைக் கொள்ளையிட்டவர்களின் கைச்சான்றாகவே அதைக் கண்டார். கொள்கைத் தூய்மை பேசியவர்கள் எவரும் சங்கிலிக்கு அஞ்சி உறங்கியவர்கள் அல்லர் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் சொற்கள்

1847இல் தாயகம் திரும்பி, ராச்செஸ்டர் நகரில் ‘வட விண்மீன்’ என்னும் பொருள்படும் பெயரில் இதழ் தொடங்கினார். தப்பியோடும் அடிமைகளுக்கு இரவில் வடதிசை காட்டியது துருவ விண்மீன். பெயருக்கு அதுவே காரணம். அடுத்த ஆண்டு செனகா ஃபால்சில் பெண்கள் கூடி வாக்குரிமை கேட்டபோது அத்தீர்மானத்தை ஆதரித்துப் பேசி, அவர்களின் அறிக்கையில் கையொப்பமிட்டார்.

அக்காலத்தில் அவரை வாட்டிய பெரிய வினா அரசமைப்புச் சட்டத்தைப் பற்றியது. அதில் அடிமை என்னும் சொல்லே இல்லை. ஆனால் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட உரிமையற்றோரில் ஐந்தில் மூன்று பங்கினரைச் சேர்த்துக்கொள்ளவும், ஒரு மாநிலத்தில் ஊழியத்திற்குக் கட்டுப்பட்டவர் வேறொன்றுக்குத் தப்பினால் திருப்பி ஒப்படைக்கவும் அது வழிசெய்தது. எனவே அச்சட்டமே அடிமை வணிகரோடு செய்த உடன்பாடு என்பது காரிசனின் முடிவு. 1854இல் அவர் பொதுக்கூட்டத்தில் அதன் படியொன்றை எரிக்கவும் செய்தார். டக்ளசும் முதலில் அவ்வாறே எண்ணினார். பல ஆண்டுகள் படித்து, வாதாடி, 1851இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். வழிகாட்டியாக இருந்தவரோடு கொண்ட நட்பு அதனால் முறிந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டரில் அவர் ஆற்றிய உரை, நாட்டின் விடுதலை நாளைக் கொண்டாட அடிமைக்கு என்ன இருக்கிறது என்னும் வினாவை வெள்ளையர் அவையில் எழுப்பியது. விடுதலை அறிக்கையை எழுதியவர்களின் வீரத்தை முதலில் மனமாரப் புகழ்ந்தார். பிறகு, அக்கொண்டாட்டத்தின் ஒலிக்கு நடுவே கேட்கும் சங்கிலியின் ஓசையைக் கேட்டோர் முகம் வெளிறும்படி விவரித்தார். அரசமைப்புச் சட்டத்திற்கு வந்தபோது நிலப்பத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரு நகரத்துக்கு நிலம் வழங்குவதற்கென எழுதப்பட்ட பத்திரத்தில் நிலம் என்னும் சொல்லே இல்லாவிட்டால் அதை யார் ஏற்பார்? அதுபோல, அடிமை என்னும் சொல் இல்லாத சட்டத்தைக் காட்டி அடிமை வைத்திருக்கும் உரிமையை எப்படிக் கோரலாம்? எழுதியவர்களின் உள்ளத்தில் மறைந்திருந்ததை அன்றி, எழுதப்பட்ட சொற்களையே சட்டமாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். வரலாற்று முறையில் இவ்வாதத்தில் குறை காண இயலும். எழுதியவர்கள் பலர் அடிமைகளை உடையவர்கள். ஆயினும், தமக்கு எதிராக வைக்கப்பட்ட தாளை எரிப்பதைவிடத் தமக்குரியதாக ஆக்கிக்கொள்வதே பயன் தரும் எனத் துணிந்தவரின் வாதம் அது.

1863 சனவரி முதல் நாள். உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் கையொப்பமிடுவார் என்று எதிர்பார்த்து, பாஸ்டன் நகர அரங்கொன்றில் பெருங்கூட்டம் மாலை முதல் காத்திருந்தது. டக்ளசும் இருந்தார். தந்தி நிலையத்திலிருந்து செய்தி வரவில்லை. இரவு ஏறிக்கொண்டே போனது. கூட்டத்தில் ஐயம் பரவியது. இரவு நெடுநேரம் சென்ற பின்னரே செய்தி வந்தது. மக்கள் அழுதனர், பாடினர். அரங்கு மூடும் நேரமானதும் ஒரு தேவாலயத்திற்குச் சென்று விடியும்வரை மகிழ்ந்தனர். சாசனத்தின் குறைகளை டக்ளஸ் நன்கறிவார். கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அவர் பிறந்த மேரிலாந்து அதில் அடங்கவில்லை. அங்கே அடிமைமுறை 1864 நவம்பரில்தான் ஒழிந்தது.

கறுப்பின வீரர்களைப் படையில் சேர்க்கும் பணியில் அவர் இறங்கினார். அவருடைய மைந்தருள் இருவர் முதலில் சேர்ந்தோருள் அடங்குவர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், கறுப்பருக்கோ 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். இதைக் கேட்க 1863 ஆகஸ்டில் அவர் லிங்கனை நேரில் சந்தித்தார். அப்பயணத்தின்போது அவருக்கு ஒரு சீட்டு வழங்கப்பட்டது. இவர் உரிமை பெற்றவர், நாட்டுக்கு உண்மையானவர், தடையின்றிச் செல்லத்தக்கவர் என்பது அதன் பொருள். அதில் லிங்கனும் இசைந்து கையொப்பமிட்டார். சீட்டை மென்று விழுங்கிய தோழர்களோடு ஈஸ்டன் சிறைக்கு நடந்து 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. போர் அமைச்சர் உறுதியளித்த படை அதிகாரி நியமனப் பத்திரமோ வரவேயில்லை. அதை நம்பித் தம் இதழையும் நிறுத்திவிட்டிருந்த டக்ளஸ், பத்திரமின்றிப் பணியேற்க மறுத்தார்.

பதிவாளர்

1872இல் ராச்செஸ்டர் வீடு தீக்கிரையானது. 1848 முதல் 1860 வரை அவர் நடத்திய இதழ்களின் தொகுப்புகள் சாம்பலாயின. அவற்றைப் பாதுகாக்கத் தருமாறு ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் சில வாரங்களுக்கு முன்புதான் கேட்டிருந்தது. அனுப்பாமல் காலம் தாழ்த்தியதற்காக அவர் வருந்தினார்.

1877இல், மரணப் படுக்கையில் கிடந்த தாமஸ் ஆல்டைக் காண மேரிலாந்து சென்றார். இருவருக்கும் கண் கலங்கியது. பழைய உடைமையாளரிடம் அவர் கேட்டவற்றுள் ஒன்று தம் வயது. 1818 பிப்ரவரி என்று ஆல்டு நினைவிலிருந்து சொன்னார். தாம் எண்ணியிருந்ததைவிட ஓராண்டு இளையவர் என்பதை டக்ளஸ் அறுபதை நெருங்கும் வயதில் அறிந்தார். கணக்கேட்டின் அந்த ஒரு வரியும் ஆல்டின் சொல்லோடு ஒத்திருக்கிறது.

1881இல் தலைநகர் மாவட்டத்தின் பத்திரப் பதிவாளராக நியமிக்கப்பட்டு ஐந்தாண்டுகள் பணியாற்றினார். நிலமும் வீடும் கைமாறும் பத்திரங்கள் அவருடைய அலுவலகத்தில் பதிவாயின. ஒருகாலத்தில் தாமே பத்திரத்தின் வழியே கைமாறியவர் அவர். அன்னா 1882இல் மறைந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் வீட்டைத் தாங்கிய அவர் இறுதிவரை எழுத்தறிவு மிகுதியாகப் பெறவில்லை என்பது டக்ளஸ் வாழ்க்கையின் முரண்களுள் ஒன்று. பின்னர், தம் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளையினப் பெண்ணை மணந்தார். இரு தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. ஹைட்டி நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகவும் சிலகாலம் பணிபுரிந்தார்.

1895 பிப்ரவரி 20ஆம் நாள் பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பிய மாலையில் அவர் காலமானார். சீடர் ஹில் வீட்டை ஹெலனுக்கு அளிப்பதாக விருப்பாவணம் எழுதி வைத்திருந்தார். நிலச்சொத்துக்குச் சட்டம் கேட்கும் அளவுக்கு அதில் சாட்சிகளின் கையொப்பங்கள் இல்லை. பத்திரப் பதிவாளராக இருந்தவரின் விருப்பாவணம் அவ்வீட்டைப் பொறுத்தவரை செல்லாது என்று முடிவாயிற்று. ஹெலன் கடன் வாங்கி, கணவரின் பிள்ளைகளிடமிருந்து வீட்டை விலைக்குப் பெற்றார். அக்கடனை அடைக்க ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். வீட்டையும் நூல்களையும் தாள்களையும் காக்க ஒரு நினைவுக் கழகம் 1900இல் நாடாளுமன்ற இசைவோடு அமைந்தது. ஹெலன் 1903இல் மறைந்தபோது கடன் முழுதும் தீர்ந்திருக்கவில்லை.